குருத்தோலை மூடாக்கு

கூச்சப்படுகிறவர்களைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. அமைதியானவர், யார் வம்புக்கும் போகாதவர் என்பார்கள். ஐம்பத்தைந்து வருடமாக அந்தக் கூட்டத்தில் இருப்பவன் என்ற முறையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகும் விஷயத்தைக் கேட்காமல் விட்டு, கடைசியில் எங்கள் பங்குச் சாமியாரை, அதாவது கோயில் ஃபாதரை, என் வீட்டுத் தோட்டத்தில் குத்தவைத்துச் சாணி அலச வைத்தவன் நான். (அவர் நல்ல மனிதர். இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிப்பார். நான்தான் செருப்பைப் பார்ப்பேன்.)

பத்தாவது முடித்ததும் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை அதுதான் வேலை. குடத்திலும் தூக்குவாளியிலும் வேண்டிய பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மிஷின் போடும் சத்தத்தில் யாரும் என்னோடு பேச முடியாது. எனக்கென்றே கண்டுபிடித்த தொழில்.

கடைக்கு வெளியே எனக்கும் சேர்த்து என் மனைவி ஸ்டெல்லா பேசிவிடுவாள். பஸ்ஸில் காலை அகட்டி உட்கார்ந்திருப்பவரைத் தள்ளி உட்காரச் சொல்வது அவள். தண்ணீர் வரவில்லை என்று வார்டு ஆபீசுக்குப் போவது அவள். பெண் பார்க்கப் போன அன்று, பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டபோது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினேனாம். "நான் இவருக்கு வாக்கப்படல, அந்தக் கடிகாரந்தான் வாக்கப்பட்டுச்சு" என்று இருபத்தேழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு ஆகஸ்டில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏழாம் நாள் அவள் இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், கண்ணை மூடியபடியே கேட்டாள். "ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா? மறந்துராதீங்க."

"ம்" என்றேன்.

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் பேசியது அதைவிடக் குறைவு.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை உண்டு. அதில் அவள் கத்தரி, தக்காளி, கனகாம்பரம், கறிவேப்பிலை என்று போட்டிருந்தாள். நடுவில் ஒரு எலுமிச்சை. ஒரு கோடையில் சர்பத்துக்குப் பிழிந்த பழத்தின் விதையை விளையாட்டாக ஊன்றி வைத்தது. நட்டு ஆறு வருடம். என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. காய்க்கவேயில்லை. "இது உங்க ஜாதி, வாயே தொறக்காது" என்று அதையும் என்னையும் சேர்த்துத் திட்டுவாள். அவள் போன வருடம்தான் அது முதல்முதலாகப் பத்துப் பதினைந்து பூ விட்டது. எல்லாம் கொட்டிவிட்டன. அடுத்த வருடம் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என் மகள் ஜெனி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கே.கே. நகரில் மாடி வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி.

"அப்பா, தனியா இங்க என்ன பண்ணப் போறீங்க? எங்க கூட வந்துருங்க."

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? பக்கத்து வீட்ல உப்புக் கேக்கக்கூட உங்களுக்கு வாய் வராது. நாலு நாள் காய்ச்சல்ல கெடந்தா யாருக்குத் தெரியும்?"

நான் எலுமிச்சையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு அவளே இறங்கி வந்தாள்.

"சரி. அம்மாவோட செடி இந்தக் கோடையைத் தாண்டட்டும். தாண்டிருச்சுன்னா நீங்க ஒருத்தரா சமாளிச்சுக்குவீங்கன்னு நம்புறேன், அப்புறம் கேக்க மாட்டேன். பட்டுப்போச்சுன்னா பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துரணும். சரியா?"

சரி என்றேன். ஒரு மரத்தைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஸ்டெல்லா கால் பட்ட வீட்டில் இருந்துவிடலாம். பேச வேண்டியதுகூட இல்லை. இதைவிட எளிதான ஒப்பந்தம் எனக்கு யார் போடுவார்கள்?

மறக்காதீர்கள் என்று சொன்னாள் அல்லவா, நான் மறக்கவில்லை. காலையில் இரண்டு வாளி. கடையிலிருந்து வந்து இரண்டு வாளி. மழை பெய்த அன்றும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். (எதிர்வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொண்டார். பைத்தியத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார்.) பொங்கல் கழிந்தபோது எலுமிச்சையின் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. வெயில் ஏறுகிறது, தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி மூன்று வாளியாக்கினேன். இன்னும் மஞ்சளானது.

கடைசியில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பைபாஸ் ரோட்டில் செடி விற்கிற ஒருவரிடம் போனேன். மஞ்சள் இலை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"தண்ணி எம்புட்டுண்ணே ஊத்துறீங்க?"

மூன்று வாளி என்றால் திட்டுவாரோ என்று தோன்றியது. "கொஞ்சந்தான்" என்றேன்.

"அப்ப மண்ணு காயுது. மூடாக்குப் போடுங்கண்ணே."

மூடாக்கு என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. அவரே சொன்னார். மண் வெயிலைப் பார்க்கக்கூடாது. சருகு, வைக்கோல், தேங்காய் நார்க்கழிவு, கரும்புச் சோகை என்கிற காய்ந்த கரும்புத் தோகை, எது கிடைக்கிறதோ அதைச் செடியைச் சுற்றி மெத்தை மாதிரி பரப்பிவிட வேண்டும். ஈரம் நிற்கும், களை வராது, கொஞ்ச நாளில் மக்கி உரமாகும்.

"ஆனா ஒண்ணுண்ணே, போடும்போது..." என்று அவர் ஆரம்பித்த நேரத்தில் காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பெரிய வியாபாரம். ஒன்றுமே வாங்காமல் நிற்கிற என்னால் அவருக்கு நஷ்டம் ஆகிவிடக்கூடாது என்று, "சரிண்ணே, வாரேன்" என்று சைக்கிளை எடுத்துவிட்டேன். அவர் பின்னால் ஏதோ கத்தினார். நான் திரும்பிப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கத்தியது என்னவென்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

மூடாக்குப் படலம் தொடங்கியது. முதலில் தெருவில் கூட்டி அள்ளிய வேப்பஞ்சருகு. அன்று மாலைக் காற்றில் அது முழுவதும் எழும்பிப் போய் எதிர்வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த ஈரத்துணிகளில் ஒட்டிக்கொண்டது. அடுத்து, கூட வேலை செய்பவர் திருமங்கலத்திலிருந்து கொண்டுவந்த கடலைத் தொலி. ஒவ்வொரு தொலியிலும் பருப்பு இருக்கும் என்ற நம்பிக்கையில் அந்த வட்டாரத்து அணில்கள் எல்லாம் வந்து மண்ணைப் பறித்துப் போட்டன. மூன்றாவதாகத் தேங்காய் நார்க்கழிவு, இரண்டு மூட்டை. அது அசையவில்லை. காற்றுக்கும் அணிலுக்கும் பிடிகொடுக்கவில்லை. தண்ணீரை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டு கம்மென்று கிடந்தது.

எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. கோயில் குத்துவிளக்கைத் துணியால் சுற்றி வைப்பதுபோல எலுமிச்சையின் தண்டைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு, கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் இறுக்கி அணைத்து வைத்தேன். செடிக்குக் கழுத்துவரை போர்வை போர்த்தியது போல இருந்தது. பார்க்க மனசுக்கு இதமாக இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. எங்கள் கோயிலில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருப்பார்கள். வாரம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். எங்கள் அன்பியத்தில் எங்களைத் தவிர இருபத்திரண்டு வீடு. ஸ்டெல்லாதான் பொறுப்பாளி. அவள் போன பிறகு பங்குச் சாமியார், "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கங்கண்ணே" என்றார். முடியாது என்று சொல்வதற்கும் பேச வேண்டும். தலையாட்டினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. மந்திரித்த தென்னங்குருத்தைக் கையில் பிடித்துப் பவனி போவோம். அந்த ஓலையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வருடம் முழுக்க வைத்திருப்போம். அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும்முன் காய்ந்த ஓலைகளைச் சேகரித்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று எல்லோருக்கும் நெற்றியில் பூசுவார்கள். எங்களுடையது சின்னக் கோயில். ஒவ்வொரு வருடமும் ஒரு அன்பியத்தின் முறை. அந்த வருடம் எங்கள் முறை.

அதாவது, நான் இருபத்திரண்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் காப்பி வரும். காப்பியோடு ஸ்டெல்லாவைப் பற்றிப் பேச்சு வரும். இருபத்திரண்டு தடவை.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலிச் சாக்கு ஒன்றை என் வீட்டுக் கேட்டில் மாட்டி, 'பழைய குருத்தோலைகளை இதில் போடவும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பாத்திரத்தில் வெட்டுகிற அளவில்தான் எனக்கு எழுத வரும். மூக்கை வைத்தால்தான் படிக்க முடியும். ஒரு வாரம் சாக்கு காலியாகவே ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை தெருமுனை அப்பாஸ் என்னை நிறுத்தினார். மினி லாரி ஓட்டுபவர். ஸ்டெல்லாவிடம் தம்பி முறை கொண்டாடியவர். "அண்ணே, மூடாக்குக்கு எதாச்சும் தேடுறீங்களாமே? நாளைக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் லோடு இருக்கு. கரும்புச் சோகை ஒரு மூட்டை கொண்டாந்து கேட்ல வச்சுட்டுப் போறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காலிங்பெல் அடித்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். புஷ்பம் அக்கா. எங்கள் அன்பியத்தின் ஒலிபெருக்கி. ஸ்டெல்லாவுக்கு உயிர்த்தோழி. என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுவார். எனக்கு அந்தக் கையை எப்போது எடுத்துக்கொள்வது என்று தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூனை மாதிரி நடந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். குளிக்கிறேன் என்று நினைத்துப் போய்விடட்டும். வெளியே அவர் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வாளி நிரம்பி வழிந்து என் பாதம் நனைய நின்றேன், ஐம்பது வயது தாண்டிய மனிதன், முழு உடுப்போடு.

அவர் போன பிறகு வந்து பார்த்தால் கேட்டில் மாட்டிய சாக்கைக் காணோம். அட்டையும் இல்லை. கேட்டுக்கு அடியில், வாயைத் துணியால் கட்டிய ஒரு மூட்டை. ஆகா, அப்பாஸ் சொன்னபடியே வந்துவிட்டுப் போயிருக்கிறார். குப்பை வண்டிக்காரர்கள் காலிச் சாக்கைக் கொண்டுபோயிருப்பார்கள். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒரு போன் செய்து அப்பாஸிடம் கேட்டிருக்கலாம். போன் என்றால் பேச வேண்டுமே.

மூட்டையைப் பிரித்து, கண்ணாடி போடாமல், அரிவாளால் ஒரு முழம் ஒரு முழமாக நறுக்கினேன். உலர்ந்த நீள நீள ஓலை. நடுவில் சில, முடிச்சுப் போட்டது போல மடங்கிக் கிடந்தன. கரும்புச் சோகை காய்ந்தால் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (நான் பிறந்ததிலிருந்து கத்தோலிக்கன்.) எல்லாவற்றையும் எலுமிச்சையைச் சுற்றி நார்க்கழிவின் மேல் அடுக்கி, சீக்கிரம் மக்கட்டும் என்று மாட்டுக்காரர் வீட்டிலிருந்து சாணி வாங்கிக் கரைத்து, இரண்டு வாளி ஊற்றினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம், ஓலையை ஒப்படைக்க வேண்டிய நாள். வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன். வளாகத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எரிப்பதற்கு இரும்புச் சட்டி தயாராக இருந்தது.

"ஃபாதர்," என்றேன் தரையைப் பார்த்து, "ஒருத்தரும் ஓலை தரல."

"ஒருத்தரும் தரலையா?" அவருக்கு வருத்தமாகிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "என்னாது! தரலையா? அண்ணே, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்றீங்களா?"

புஷ்பம் அக்கா.

"நீங்க வீடு வீடா வர மாட்டீகன்னு எனக்குத் தெரியும். ஸ்டெல்லா முகத்துக்காக நானே வெயில்ல இருபத்திரண்டு வீடும் ஏறி எறங்கி, உங்க சாக்குலயே தெணிச்சுக் கட்டி, உங்க கேட்டுக்குக் கீழதான வச்சேன்! பெல்லு அடிச்சு, தொண்டைத் தண்ணி வத்தக் கத்திச் சொல்லிட்டும் வந்தேன். நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீக!"

நான் செருப்பைப் பார்த்தேன்.

"அப்ப... அது கரும்புச் சோகை இல்லையா?" என்றேன்.

அந்தக் கேள்வியை இன்றுவரை எங்கள் கோயிலில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபாதர் ஸ்கூட்டரில், புஷ்பம் அக்காவும் மற்றவர்களும் நடந்து, எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தெருவில் பார்த்தவர்கள் பவனி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அப்பாஸ்கூட வீட்டு வாசலிலிருந்து, "அண்ணே, மன்னிச்சுக்கங்க, அன்னைக்கு லோடு வரல, அதான் சோகை கொண்டார முடியல" என்றார். இதை அவர் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வாரம் முன்னால் கேட்டிருக்கலாம்.

கேட்டைத் திறந்தேன். எலுமிச்சை, கழுத்துவரை பரிசுத்தமான போர்வையோடும் அதன்மேல் காய்ந்த சாணியோடும் நின்றது.

ஃபாதருக்கு உதடு துடித்தது. கோபம் என்று பயந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "வாங்க, பொறுக்குவோம். எரிச்சாச் சாணியும் சாம்பல்தான்" என்று குத்தவைத்தார்.

ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு துண்டாக அலசினோம். கேலி ஆரம்பித்தது. "அண்ணே, நல்லவேளை கோயில் மணியக் கழட்டி மாட்டுக்குக் கட்டல" என்றார் ஒருவர். எனக்குமே லேசாகச் சிரிப்பு வந்தது.

அப்போது புஷ்பம் அக்கா கையில் எடுத்த ஒரு ஓலையை அலசாமல் வைத்துக்கொண்டு நின்றார். நான் சோகையின் முறுக்கு என்று நினைத்த முடிச்சுகளில் ஒன்று. பாதி வெட்டுப்பட்ட சின்னச் சிலுவை.

"இது ஸ்டெல்லா மடிச்சது" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். அந்த அம்மாவுக்கு அப்படியும் ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரியும். "போன வருசம் குருத்தோலை அன்னைக்கு எல்லா வீட்டுக்கும் அவதான் சிலுவை மடிச்சுக் குடுத்தா. நுனிய உள்ள சொருகிருக்கா பாருங்க. அவ மட்டுந்தான் இப்பிடிச் சொருகுவா."

எனக்கு நினைவு வந்தது. கோயில் படியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத் தெரியாமல் நான் சைக்கிளோடு மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தேன். அவள் விரல் மடித்ததில் மிச்சமிருந்தவற்றை எல்லா வீட்டிலும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றை ஒன்றாகக் கூட்டி அரிவாளால் நறுக்கியவன் நான்.

நான் வேகவேகமாக ஓலைகளை விலக்கினேன், வேறு முழுதாக இருக்கிறதா என்று. ஓலையைத் தாண்டி நார்க்கழிவையும் கைகளால் பறித்தேன். ஈரமாகக் கனத்துக் கிடந்தது. அடியில் தண்டு தெரிந்தது. தொட்டேன். பட்டை விரலோடு வந்துவிட்டது. உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று, புளித்த வாடை. சுற்றிலும் அப்படித்தான்.

ஃபாதர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. குனிந்து பார்த்தார். "தண்டை ஒட்டிப் போட்டீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். "மூடாக்க ஒரு சாண் தள்ளித்தான் போடணும். தண்டுக்குக் காத்து வேணும்ல."

செடிக்காரர் பின்னாலிருந்து கத்தியது அதுதான் என்று அப்போது புரிந்தது. தண்ணீரும் பாதி போதும் என்று அவர் சொல்லியிருப்பார், நான் உண்மையைச் சொல்லியிருந்தால்.

"பொழச்சுருமா ஃபாதர்?"

அவர் பாத்திரத்துத் தண்ணீரை மாற்றப் போனார்.

அலசிய ஓலைகளை மறுநாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். முழுதாக மூன்று சிலுவை தேறியது. "இதை நீங்க வச்சுக்கங்கண்ணே" என்று ஃபாதர் தனியே எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டார். ஊரே கொடுத்திருக்கும்போது நான் மட்டும் வைத்துக்கொள்வது சரியில்லை என்று ஏதோ முனகினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவற்றையும் சட்டியில் வைத்தார்.

சாம்பல் புதனன்று காலை வரிசையில் நின்றேன். லேசாகச் சாணி வாடை வரத்தான் செய்தது. முன்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பம் அக்கா அந்தப் பக்கம் தோள் குலுங்க நின்றார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. என் முறை வந்தது. ஃபாதரின் பெருவிரல் என் நெற்றியில் பட்டது. திரும்பி நடந்தபோது பார்த்தேன். கோயில் முழுக்க, ஒவ்வொருவர் நெற்றியிலும் அவள் விரல் பட்ட ஓலை. இருபத்தேழு வருடம் இத்தனை பேரோடு பேசினாள். எல்லோரும் சாம்பலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மூன்று நாள் நெற்றியில் தண்ணீர் படாமல் குளித்தேன். (அது முடியாத காரியம். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு கையால் புருவத்தை மூடிக்கொண்டு குளிக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டது.) நாலாம் நாள் கடையில் வியர்த்துக் கொட்டிக் கைக்குட்டையால் துடைத்தேன். யோசிக்காமல் துடைத்துவிட்டேன். கைக்குட்டையைப் பார்த்தபடி மிஷினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தூக்குவாளியில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் கோணலாக விழுந்துவிட்டது.

எலுமிச்சைக்கு எல்லாம் செய்தேன். அழுகியதைச் சுரண்டி, பூச்சிமருந்துக் கடையில் வாய்விட்டுக் கேட்டு மருந்து வாங்கிப் பூசினேன். ஆமாம், கேட்டேன். இரண்டு கேள்விகூடக் கேட்டேன். தண்ணீரை நிறுத்தினேன். அது இலையை உதிர்த்துக்கொண்டே வந்தது. குருத்தோலை ஞாயிறன்று பவனியிலிருந்து வந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். நுனியில் பச்சை இல்லை. நடுவிலும் இல்லை.

ஜெனி ஈஸ்டருக்கு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா பீரோவில் ஏதோ தேடுகிறவள் மாதிரி உள்ளே போய் ரொம்ப நேரம் நின்றாள். நான்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தேன். அவள் வெளியே வந்து பெட்டியைப் பார்த்ததும், "இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா, அவசரம் இல்ல" என்றாள்.

"சரின்னு சொன்னேன்லம்மா" என்றேன்.

இப்போது கே.கே. நகரில் மாடி வீட்டில் இருக்கிறேன். கோச்சடை வீட்டில் வேறு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. முன்னால் சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.

சாம்பல் புதன் வந்தால் எங்கள் வீட்டில் இந்தக் கதை கட்டாயம் உண்டு. சொல்வது ஜெனி. அம்மாவைப் பற்றி வேறு எந்தப் பேச்சு எடுத்தாலும் பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவாள். இதை மட்டும் முழுக்கச் சொல்வாள். வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. ஒரு மூட்டை நாலு மூட்டை ஆகிவிட்டது. ஃபாதர் பிஷப்பாகப் பதவி உயர்ந்துவிட்டார். நான் குளியலறையில் ஒளிந்த நேரம் இரண்டு மணி நேரமாகியிருக்கிறது. "கோயில் சாம்பலுக்கே உரம் போட்டவரு எங்கப்பா" என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, அது கரும்புச் சோகை இல்லையா?" என்பார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிவேன்.

இந்த வருடம் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்குக் கதை சொன்னாள். அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஐயோ, அப்புறம் அந்த எலுமிச்சை என்னாச்சுக்கா?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் நிமிர்ந்தேன். ஜெனி என்னைப் பார்க்காமல் சட்டென்று சொன்னாள்.

"அதுக்கென்ன? கோச்சடைல ஜம்முனு நிக்குது. வருசா வருசம் காய்க்குது, எங்களால ஊறுகா போட்டு மாள முடியல. என்னப்பா?"

"ஆமாமா," என்றேன். "போன தடவை நூறு காய்க்கு மேல."